பியூரிட்டன்களின் வீடும் சபையும்: நியூ இங்கிலாந்துக் குடியேறிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வட அமெரிக்காவுக்குப் போன பியூரிட்டன்கள் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது மூன்று விஷயங்கள்: கறுப்பு உடை, சூனிய விசாரணை, நன்றியறிதல் நாள் வான்கோழி. மூன்றிலும் பாதிக்குப் பாதி கட்டுக்கதை கலந்திருக்கிறது. இவர்களைப் புரிந்துகொள்ளச் சபையைப் பார்ப்பதைவிட வீட்டைப் பார்ப்பது நல்லது என்பது என் எண்ணம். அதனால் இந்தப் பதில்களும் அதிகமாக வீட்டைச் சுற்றியே வரும்.

பியூரிட்டன்கள் யார்? ஏன் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்?

எட்டாம் ஹென்றி காலத்திலேயே இங்கிலாந்து திருச்சபை போப்பிடமிருந்து பிரிந்துவிட்டது. ஆனாலும் ஆயர்கள், ஆராதனை அங்கிகள், மண்டியிட்டு வாங்கும் திருவிருந்து (இயேசுவின் நினைவாக ரொட்டியும் திராட்சை ரசமும் பகிரும் சடங்கு) என்று பழைய வழக்கங்கள் பல தொடர்ந்தன. வேதாகமத்தில் இல்லாத எதுவும் வழிபாட்டில் இருக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றவர்கள்தான் பியூரிட்டன்கள். ஜான் கால்வினின் போதனையைப் பின்பற்றியவர்கள். யார் இரட்சிக்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே குறித்துவிட்டார் என்று நம்பினார்கள்.

மன்னர் முதலாம் சார்லஸும் பேராயர் வில்லியம் லாடும் இவர்களுடைய போதகர்களை நெருக்க ஆரம்பித்ததும் பலர் கடல் தாண்ட முடிவெடுத்தார்கள். 1630-ல் ஜான் வின்த்ரோப் தலைமையில் ஆர்பெல்லா முதலான கப்பல்கள் மாசசூசெட்ஸ் வந்தன, பாஸ்டன் உருவானது. அடுத்த பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 20,000 பேர் வந்து சேர்ந்தார்கள். 1640-க்குப் பிறகு இங்கிலாந்திலேயே பியூரிட்டன்களின் கை ஓங்கியது, வருகையும் அதோடு வற்றிப்போனது.

மேஃபிளவர் கப்பலில் வந்தவர்களும் இவர்களும் ஒன்றுதானா?

உறவுக்காரர்கள், ஆனால் ஒன்றல்ல. 1620-ல் மேஃபிளவரில் பிளைமவுத்துக்கு வந்த 102 பேரில் ஒரு பகுதியினர் இங்கிலாந்து திருச்சபையோடு உறவே வேண்டாம் என்று முறித்துக்கொண்ட பிரிவினைவாதிகள். மற்றவர்கள் பிழைப்புத் தேடி வந்தவர்கள். முதல் குளிர்காலம் முடிவதற்குள் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். பாஸ்டன் பியூரிட்டன்களோ திருச்சபையை உள்ளிருந்தே திருத்த நினைத்தவர்கள். எண்ணிக்கையிலும் பணத்திலும் பெரிய கூட்டம் இவர்கள்தான். 1691-ல் பிளைமவுத்தும் மாசசூசெட்ஸோடு சேர்க்கப்பட்டது.

குடும்பம் குடும்பமாகவா வந்தார்கள்?

ஆமாம், இதுதான் முக்கியமான விஷயம். வர்ஜீனியாவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் திருமணமாகாத இளைஞர்கள். மாசசூசெட்ஸ், கனெக்டிகட் உள்ளிட்ட நியூ இங்கிலாந்துப் பகுதிக்கோ கணவன், மனைவி, பிள்ளைகள், வேலைக்காரர்கள் என்று முழு வீடுகளே கப்பலேறின. குடும்பத்தை ஒரு குட்டி அரசாங்கமாகவும் குட்டிச் சபையாகவும் அவர்கள் பார்த்தார்கள். தகப்பன் அங்கே ராஜா, போதகர், வாத்தியார் எல்லாம்.

அதனால் தனியாக வாழ்வது என்பதே சந்தேகத்துக்குரிய காரியம். திருமணமாகாத இளைஞன் ஊரின் சம்மதம் இல்லாமல் தனி வீடு வைத்திருக்கக் கூடாது என்று கனெக்டிகட்டில் 1637-லேயே சட்டம் வந்தது. அவன் ஏதாவது ஒரு குடும்பத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம். 1670-களில் மாசசூசெட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஒரு கண்காணிப்பாளரை நியமித்தது. வீட்டில் ஜெபம் நடக்கிறதா, யாராவது குடித்துவிட்டு வருகிறார்களா, பிள்ளைகள் அடங்கி நடக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. அந்தரங்கம் என்று ஒன்றை அந்தச் சமூகம் எதிர்பார்க்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

வீடும் சாப்பாடும் எப்படி இருந்தன?

நடுவில் பெரிய புகைபோக்கி, அதன் இரு பக்கமும் ஓர் அறை. பெரும்பாலான மர வீடுகள் இந்த அமைப்புதான், ஏழைகளுக்கு ஒரே அறை. சமைப்பது, நூல் நூற்பது, தூங்குவது, வேதம் வாசிப்பது எல்லாம் அடுப்பைச் சுற்றியே நடந்தன. எஜமான், எஜமானி, ஏழெட்டுப் பிள்ளைகள், வேலையாட்கள் எல்லோரும் அதற்குள்தான்.

கோதுமை அங்கே சரியாக விளையவில்லை. பூர்வகுடிகள் கற்றுக்கொடுத்த மக்காச்சோளம்தான் உயிர்காத்தது. சோளமாவும் கோதுமை போன்ற தானியமான ரையும் கலந்த பழுப்பு ரொட்டி, சோளக் கூழ், பீன்ஸ், பூசணி, உப்பு போட்ட பன்றி இறைச்சி, மீன் ஆகியவை அன்றாட உணவு.

குடிப்பழக்கம்? நினைப்பதற்கு மாறாக, குழந்தைகள்கூட இலேசான பீர் குடித்தார்கள். பின்னாளில் ஆப்பிள் சைடர் அந்த இடத்தைப் பிடித்தது. மது கடவுள் படைத்த நல்ல பொருள், அதை அளவுமீறிக் குடிப்பதுதான் சாத்தானிடமிருந்து வருவது என்று போதகர் இன்கிரீஸ் மேதர் 1673-ல் பிரசங்கித்தார்.

எப்போதும் கறுப்பு உடைதானா?

இல்லை. நல்ல கறுப்புச் சாயம் விலை அதிகம். அது விசேஷங்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும்தான். சாதாரண நாளில் செம்பழுப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று உடுத்தினார்கள். தொப்பியில் பக்கிள் என்பது பிற்காலத்து ஓவியர்களின் கைவண்ணம். ஆனால் ஆடம்பரத்துக்குச் சட்டம் இருந்தது உண்மை: 1651 சட்டப்படி 200 பவுண்டுக்குக் குறைவான சொத்து உள்ளவர்கள் பொன், வெள்ளிச் சரிகை போடக் கூடாது. எளிமையை வளர்ப்பதோடு, அவரவர் தகுதி உடையிலேயே தெரிய வேண்டும் என்பதும் அதன் நோக்கம்.

ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கழியும்?

ஓய்வுநாள் சனிக்கிழமை சூரியன் மறைவதிலேயே தொடங்கிவிடும். அதற்குள் சமையலை முடித்துவிட வேண்டும். மறுநாள் காலையில் ஓர் ஆராதனை, மதியம் இன்னொன்று. ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் போவது சாதாரணம். போதகர் மேடையில் மணற்கடிகாரம் இருக்கும், மணல் தீர்ந்ததும் அதைத் திருப்பி வைத்துவிட்டுத் தொடர்வார்.

ஆராதனை நடக்கும் கட்டடத்தை அவர்கள் தேவாலயம் என்று சொல்ல மாட்டார்கள், அது வெறும் கூடுகை இல்லம். சிலுவை இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை, ஆர்கன் இல்லை. ஊர்க் கூட்டமும் அதே இடத்தில்தான் நடக்கும். சங்கீதங்களை வாத்தியம் இல்லாமல் பாடினார்கள். அதற்காக 1640-ல் கேம்பிரிட்ஜில் அச்சிட்ட சங்கீதப் புத்தகம்தான் வட அமெரிக்க ஆங்கிலக் குடியேற்றங்களில் அச்சான முதல் புத்தகம்.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். யார் எந்த வரிசை என்பதை வயது, சொத்து, அந்தஸ்து பார்த்து ஒரு குழு முடிவுசெய்யும். கல்யாணப் பந்தியில் உட்கார வைப்பதில் நம்மூரில் எழும் மனத்தாங்கல் எல்லாம் அங்கேயும் எழுந்தது, சில சமயம் வழக்குவரை போனது. தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பவும், பின்னால் சேட்டை செய்யும் பையன்களை அடக்கவும் கோல் வைத்துக்கொண்டு ஒருவர் சுற்றுவார்.

குளிர்தான் பெரிய சோதனை. உள்ளே அடுப்பு கிடையாது. 1686 ஜனவரியில் ஒருநாள் திருவிருந்து ரொட்டி உறைந்துபோய், பிட்டுப் போட்டபோது தட்டில் கடகடவென்று சத்தம் கேட்டதாக நீதிபதி சாமுவேல் சியூவல் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தக் குளிரிலும் பிறந்து சில நாளே ஆன குழந்தைகளை ஞானஸ்நானத்துக்குத் தூக்கி வந்தார்கள். வராவிட்டால்? 1635 முதல் 5 ஷில்லிங் வரை அபராதம்.

ஊரில் இருந்த எல்லோரும் சபை உறுப்பினர்களா?

எல்லோரும் வர வேண்டும், ஆனால் எல்லோரும் உறுப்பினர் ஆகிவிட முடியாது. தன் உள்ளத்தில் கடவுளின் கிருபை எப்படி வேலை செய்தது என்று சபைக்கு முன் சாட்சி சொல்லி, கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேற வேண்டும். அதில் தேறியவர்களுக்கே திருவிருந்து, அவர்கள் பிள்ளைகளுக்கே ஞானஸ்நானம். 1631 முதல் மாசசூசெட்ஸில் ஓட்டுரிமையும் சபை உறுப்பினரான ஆண்களுக்கு மட்டும்தான்.

இந்தக் கண்டிப்பு இரண்டே தலைமுறையில் திரும்பி வந்து கடித்தது. பிள்ளைகள் ஒழுங்காகத்தான் வளர்ந்தார்கள், ஆனால் சாட்சி சொல்லும்படியான அனுபவம் பலருக்கு வரவில்லை. அப்படியானால் பேரப்பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் உண்டா? 1662-ல் போதகர்கள் கூடி, உண்டு, ஆனால் திருவிருந்தும் ஓட்டும் கிடையாது என்று ஒரு நடுவழி கண்டார்கள். கொள்கைமேல் பேரப்பாசம் அடைந்த வெற்றி என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸைத் தடை செய்தது உண்மையா?

உண்மை. அந்தத் தேதி வேதாகமத்தில் இல்லை, அன்று நடந்ததெல்லாம் குடியும் கூத்தும் என்பது அவர்கள் வாதம். 1659-ல் மாசசூசெட்ஸில் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள், 1681-ல் எடுத்தார்கள். சட்டம் போனாலும் வழக்கம் உடனே வரவில்லை. டிசம்பர் 25 அன்று கடைகள் திறந்திருப்பதையும் வண்டிகள் வருவதையும் பார்த்துச் சியூவல் திருப்தியோடு குறித்துவைத்தார்.

பண்டிகைகளுக்குப் பதில் அவர்களுக்கு இரண்டு வகை நாட்கள் இருந்தன. வறட்சி, கொள்ளைநோய் வந்தால் உபவாச நாள். நல்லது நடந்தால் நன்றி நாள். இரண்டும் ஆராதனையோடுதான். 1621 இலையுதிர் காலத்தில் பிளைமவுத்தில் மூன்று நாள் நடந்த விருந்தை, அதாவது அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான வாம்பனோக் ஆண்கள் சுமார் 90 பேர் ஐந்து மான்களோடு வந்து கலந்துகொண்ட, இன்று முதல் நன்றியறிதல் நாள் என்று சொல்லப்படும் அறுவடை விருந்தை, அவர்கள் இந்தக் கணக்கில் சேர்த்திருக்கவே மாட்டார்கள்.

திருமணத்தைப் போதகர்தானே நடத்தி வைப்பார்?

இல்லை, இதுதான் பலரை ஆச்சரியப்படுத்துவது. இத்தனை மதப்பற்று உள்ளவர்கள் திருமணத்தைச் சபையிடமிருந்து பிடுங்கி மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்துவிட்டார்கள். அது திருவருட்சாதனம், அதாவது சபை நடத்தும் புனிதச் சடங்கு, அல்ல, இருவருக்கிடையே செய்யும் உடன்படிக்கை என்பது அவர்கள் கருத்து. மோதிரம் கிடையாது. ஒப்பந்தம் என்பதால் முறிக்கவும் வழி இருந்தது: கைவிட்டுப் போனது, விபசாரம், இன்னொரு மனைவி வைத்திருந்தது போன்ற காரணங்களுக்காக மாசசூசெட்ஸில் விவாகரத்து கிடைத்தது. அன்றைய இங்கிலாந்தில் இது சாதாரணமாக நடக்காத காரியம்.

மறுமணம் தாமதிக்காது. பிளைமவுத்தின் முதல் திருமணமே அப்படித்தான். எட்வர்ட் வின்ஸ்லோவின் மனைவி 1621 மார்ச்சில் இறந்தார், சூசன்னா வைட்டின் கணவர் அதற்கு முந்தைய மாதம் இறந்திருந்தார். மே மாதம் இருவரும் மணந்துகொண்டார்கள். இதில் கல்நெஞ்சம் எதுவும் இல்லை, கைக்குழந்தையோடு ஒரு பெண் அந்த ஊரில் வேறு எப்படிப் பிழைப்பது?

அப்புறம் நம் சியூவல் இருக்கிறாரே, 1720-ல் 68 வயதில் கேதரின் வின்த்ரோப் என்ற விதவையைப் பெண் கேட்டுப் போய் வந்தார். சர்க்கரைப் பாதாம் வாங்கிக் கொடுத்தார். அந்த அம்மாள் கோச் வண்டியும் பொய்முடியும் வேண்டும் என்றார். இவர் பொய்முடி வைக்க மாட்டேன் என்று சாதித்தார். சம்பந்தம் முறிந்தது.

இந்தக் கதைகளுக்கு மறுபக்கமும் உண்டு. விபசாரத்துக்கு மரண தண்டனை என்பது ஏட்டில் மட்டும் இருந்த சட்டம் அல்ல. 1644-ல் சுமார் 18 வயது மேரி லாதமும் ஜேம்ஸ் பிரிட்டனும் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் பெண்ணை வயதான ஒருவருக்குக் கட்டிவைத்திருந்தார்கள்.

பெண்களின் நிலை என்ன?

கணவனுக்கு அடங்கியவள், சொத்து அவன் பேரில், சபையில் வாய் திறக்கக் கூடாது. ஆனால் 1641-ல் மாசசூசெட்ஸ் இயற்றிய உரிமைச் சட்டத்தில், கணவன் மனைவியை அடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. அவள் தாக்கும்போது தற்காத்துக்கொள்வதற்கு மட்டும் விலக்கு. வீடு ஊரின் பார்வைக்குள் இருந்ததால் வந்த நன்மை இது என்று சொல்லலாம்.

எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆன் ஹட்சின்சன் சாட்சி. மருத்துவச்சி போலப் பிரசவங்களுக்கு உதவியவர், வேதம் நன்றாகத் தெரிந்தவர். தன் வீட்டிலேயே பெண்களைக் கூட்டிப் பிரசங்கங்களை அலச ஆரம்பித்தார், ஆண்களும் வரத் தொடங்கினார்கள். 1637-ல் வின்த்ரோப் தலைமையில் விசாரித்து நாடு கடத்தினார்கள். அதே பாஸ்டன் கூட்டத்தில், எட்டுப் பிள்ளைகளைப் பெற்ற ஆன் பிராட்ஸ்ட்ரீட் சத்தமில்லாமல் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். 1650-ல் அது லண்டனில் நூலாக வந்தது. தகப்பனும் கணவனும் ஆளுநர் பதவி வகித்த குடும்பம் என்பது அவருக்குக் கவசமாக இருந்திருக்கும்.

குழந்தைகளை எப்படி வளர்த்தார்கள்? பாசமே இல்லையா?

குழந்தை பாவத்தோடு பிறக்கிறது, அதன் பிடிவாதத்தை முறிக்க வேண்டும் என்று நம்பினார்கள். மைக்கேல் விக்கிள்ஸ்வொர்த் 1662-ல் எழுதிய நியாயத்தீர்ப்புக் கவிதையில், சிசுவிலேயே இறந்த குழந்தைகளுக்கு நரகத்தில் கொஞ்சம் வசதியான அறை கிடைக்கிறது. இதைத்தான் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். பெற்றோரை எதிர்க்கும் 16 வயதுக்கு மேற்பட்ட மகனுக்கு மரண தண்டனை என்று 1646-ல் ஒரு சட்டமும் இருந்தது, ஆனால் யாரையும் அப்படித் தூக்கிலிடவில்லை.

பத்துப் பன்னிரண்டு வயதானதும் பிள்ளைகளை இன்னொரு வீட்டில் வேலை பழக விடுவது வழக்கம். சொந்தப் பெற்றோர் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிடுவார்கள் என்ற பயமும் ஒரு காரணம் என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் பாசம் இருந்தது என்றுதானே அர்த்தம்? 1665-ல் ஒன்றரை வயதுப் பேத்தி இறந்தபோது பிராட்ஸ்ட்ரீட் எழுதிய கவிதையைப் படித்தால் சந்தேகமே வராது. முற்றிய மரம் விழும், கனிந்த பழம் உதிரும், அது இயற்கை. இப்போதுதான் நட்ட செடியைப் பிடுங்குவது கடவுளின் கை மட்டுமே என்கிறார். பணிவா, கடவுளிடம் கேட்கும் கேள்வியா என்று பிரித்துச் சொல்ல முடியாத வரி. போதகர் காட்டன் மேதருக்கு 15 பிள்ளைகள், அவருக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் இரண்டே பேர். 1713-ல் தட்டம்மை இரண்டு வாரத்துக்குள் அவர் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் கொண்டுபோனது.

பெயர்கள்? பொறுமை, இரக்கம், விவேகம் என்ற பொருளில் பெண் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். பிளைமவுத்தின் மூப்பர் வில்லியம் புரூஸ்டருடைய மக்கள் பெயர்களில் அன்பு, பயம், மல்யுத்தம் மூன்றும் உண்டு.

பள்ளிக்கூடம் இருந்ததா?

இருந்தது, அதுவும் வியப்பான வேகத்தில். ஒவ்வொருவரும் வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்பதால் 1642-லேயே பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது குடும்பத் தலைவரின் கடமை என்று சட்டம் வந்தது. 1647-ல், 50 குடும்பம் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும், 100 குடும்பம் உள்ள ஊர் லத்தீன் இலக்கணப் பள்ளி நடத்த வேண்டும் என்றார்கள். மனிதர்களை வேதம் தெரியாதவர்களாக வைத்திருப்பது சாத்தானின் தந்திரம் என்பதுதான் சட்டத்தின் முதல் வரியே. ஹார்வர்ட் 1636-ல், பாஸ்டன் பிறந்து ஆறே ஆண்டில் தொடங்கியது. பெண் பிள்ளைகளுக்கு வாசிப்பு மட்டும் போதும், எழுத்து வேண்டாம் என்று பல வீடுகளில் நிறுத்திக்கொண்டார்கள்.

மதச் சுதந்திரம் தேடி வந்தவர்கள் மற்றவர்களுக்கு அதைக் கொடுத்தார்களா?

தங்களுக்குத்தான் தேடினார்கள். அரசு மத விஷயத்தில் தலையிடக் கூடாது என்ற ரோஜர் வில்லியம்ஸை 1635-ல் வெளியேற்றினார்கள், அவர் போய்ப் பிராவிடன்ஸ் ஊரை நிறுவினார். குவேக்கர்கள் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினருக்குச் சாட்டையடி, காது அறுப்பு. 1659 முதல் 1661 வரை பாஸ்டனில் நான்கு குவேக்கர்கள் தூக்கிலிடப்பட்டார்கள், அவர்களில் மேரி டயர் என்ற பெண்ணும் ஒருவர்.

பூர்வகுடிகளோடும் அடிமைகளோடும் எப்படி நடந்துகொண்டார்கள்?

பிளைமவுத் எழுந்த இடமே பட்டூக்செட் என்ற வாம்பனோக் ஊர். 1616 முதல் 1619 வரை வந்த கொள்ளைநோயில் அது காலியாகிவிட்டது. அந்த ஊரில் மிஞ்சிய டிஸ்குவாண்டம்தான் குடியேறிகளுக்குச் சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தார். 1637-ல் மிஸ்டிக் என்ற இடத்தில் பீக்வாட் மக்களின் கோட்டையூரைத் தீவைத்து, பெண்கள் குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். அதைக் கடவுளின் செயல் என்றும் எழுதினார்கள்.

போதகர் ஜான் எலியட் பூர்வகுடி மொழியைக் கற்று, முழு வேதாகமத்தையும் 1663-ல் அதில் அச்சிட்டார். அமெரிக்கக் கண்டங்களில் அச்சான முதல் முழு வேதாகமம் அதுதான், ஆங்கிலத்தில் அல்ல. ஆனால் 1675-ல் வாம்பனோக் தலைவர் மெட்டாகாம் தலைமையில் போர் மூண்டதும், கிறிஸ்தவர்களாகி எலியட்டின் ஊர்களில் வாழ்ந்த பூர்வகுடிகளையே டீர் தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள். குளிரிலும் பசியிலும் பலர் செத்தார்கள். மெட்டாகாமின் ஒன்பது வயது மகனைக் கொல்லலாமா என்று போதகர்கள் வேத வசனங்களை வைத்து விவாதித்தார்கள், கடைசியில் அடிமையாக விற்றார்கள். குடும்பத்தைப் புனிதமாக நினைத்தவர்களின் கணக்கில் இந்தக் குடும்பம் வரவில்லை.

ஆப்பிரிக்க அடிமைகள் 1638-லேயே டிசையர் என்ற கப்பலில் பாஸ்டன் வந்தார்கள். மனைவியை அடிக்காதே என்ற அதே 1641 சட்டம் அடிமை முறைக்கும் இடம் கொடுத்தது. அதை எதிர்த்து 1700-ல் துண்டுநூல் எழுதினார் சியூவல்.

சேலத்தில் சூனியக்காரிகளை எரித்தார்களா?

யாரையும் எரிக்கவில்லை. 1692-ல் மாசசூசெட்ஸின் சேலத்தில் (நம்ம சேலம் அல்ல) 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், அதில் ஐந்து பேர் ஆண்கள். வாய் திறக்க மறுத்த கைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். சிலர் சிறையிலேயே இறந்தார்கள்.

தொடங்கியது போதகர் சாமுவேல் பாரிஸ் வீட்டில். அவருடைய 9 வயது மகளுக்கும் 11 வயது உறவுக்காரப் பெண்ணுக்கும் வலிப்பு போல ஏதோ வந்தது. முதலில் கைகாட்டப்பட்டவர்களில் ஒருவர் அந்த வீட்டு அடிமைப் பெண் டிடூபா. பிறகு நிலத்தகராறும் பழைய பகையும் உள்ள அண்டை வீடுகள் ஒன்றையொன்று குற்றம்சாட்டின. பக்கத்து வீட்டைக் கண்காணிப்பது புண்ணியம் என்று இரண்டு தலைமுறை பழகிய ஊரில் இது பரவ நேரம் எடுக்கவில்லை. ஒருவரின் ஆவி உருவம் வந்து கிள்ளியது என்பதையே நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றது. 71 வயது ரெபேக்கா நர்ஸையும் இப்படித்தான் தூக்கிலிட்டார்கள்.

நீதிபதிகளில் ஒருவரான சியூவல் 1697-ல் சபை நடுவே எழுந்து நிற்க, அவருடைய மன்னிப்பை போதகர் வாசித்தார். குற்றம்சாட்டிய சிறுமிகளில் ஒருவரான ஆன் புட்னம் 1706-ல் அதேபோல் நின்றார்.

தமிழர்களோடு இவர்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

இரண்டு உண்டு. எலிஹு யேல் 1649-ல் பாஸ்டனில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்து, அடிமை வியாபாரம் நடந்த அந்த ஊரில் பெரும் சொத்து சேர்த்தார். பியூரிட்டன் போதகர்களை உருவாக்கத் தொடங்கி, பின்பு கனெக்டிகட்டின் நியூ ஹேவனுக்கு இடம் மாறிய கல்லூரிக்கு, காட்டன் மேதர் கடிதம் எழுதிக் கேட்டதும் துணி மூட்டைகளும் 417 புத்தகங்களும் அனுப்பினார். 1718-ல் அதற்கு யேல் என்று பெயர் வந்தது. சிறுவயதில் இறந்த அவர் மகன் டேவிட்டின் கல்லறை சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய வளாகத்தில் இருக்கிறது.

இன்னொன்று யாழ்ப்பாணம். 1816-ல் அங்கே வந்த அமெரிக்க மிஷன், இந்தச் சபைகளின் வழிவந்தவர்கள் நடத்தியது. 1823-ல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கிய டேனியல் பூர் பிறந்தது டான்வர்ஸ் என்ற ஊரில். 1692-ல் சாமுவேல் பாரிஸ் போதகராக இருந்த சேலம் கிராமம்தான் பின்னாளில் டான்வர்ஸ் ஆனது.

இன்று போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

பாஸ்டன் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஹிங்காம் ஊரின் ஓல்ட் ஷிப் கூடுகை இல்லம். 1681-ல் கட்டியது, இன்றும் அங்கே ஆராதனை நடக்கிறது. டெடாமில் ஃபேர்பேங்க்ஸ் வீடு, டான்வர்ஸில் ரெபேக்கா நர்ஸ் வீடு இரண்டும் பார்க்கத் தக்கவை. பிளைமவுத்தில் பிளிமவுத் பட்டூக்செட் அருங்காட்சியகம் குடியேறிகளின் கிராமத்தையும் வாம்பனோக் குடியிருப்பையும் திரும்பக் கட்டி வைத்திருக்கிறது. நேரம் குறைவென்றால் பாஸ்டன் நடுவிலேயே உள்ள கிரானரி கல்லறைத் தோட்டம் போதும். சியூவல் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார், நுழைவுக் கட்டணம் இல்லை.